ஒன்பதும் இருபத்திரண்டும்

நோயும் மருந்தும் – வரலாற்றுத் தொடர் – 14

ஆரணியில் பட்டுத் தறி போட்டிருக்கும் வீடுகளில், ஒரு பாவு முடிந்து மறு பாவு ஏறுகிற நாள் தனிக் கவனத்தோடு கழிகிற நாள். பழைய பாவை அடியோடு அறுத்து எறிந்துவிடுவதில்லை. அச்சிலும் விழுதிலும் கோத்து நிற்கிற அதன் நுனிகளை அப்படியே விட்டுவைத்து, புதிய பாவைக் கொண்டுவந்து எதிரே கட்டி, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய இழையின் முனையோடு புதிய இழையின் முனையைச் சேர்த்து ஒரு திரிப்புத் திரித்து, ஆயிரக்கணக்கான இழைகளையும் வரிசை தவறாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்துக்கொண்டு போவார்கள். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் செய்கிற இந்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு விரல் நுனியிலேயே கண்ணாக இருப்பது ஏன் என்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் இழை தன் ஜோடியை விட்டு வேறோர் இழையோடு பிணைந்துவிட்டால், அந்தப் பிழை அந்த அங்குலத்தோடு நின்றுவிடுவதில்லை. பாவு தீர்கிறவரையில், நெய்கிற சேலைதோறும் அது கூடவே வரும்.

சென்ற இதழ்வரையில் கிருமிகளால் வருகிற நோய்களின் வரலாற்றைச் சொல்லிவந்தேன். அவற்றில் பகை வெளியிலிருந்து வருகிறது. வந்த வழியை அடைத்தால் பாதி யுத்தம் முடிந்துவிடுகிறது. இன்று சொல்லப்போகிற வியாதியில் வெளியார் எவரும் இல்லை. எலும்பின் மஜ்ஜைக்குள், ரத்தத்தை இடைவிடாமல் உற்பத்தி செய்துகொண்டிருக்கும் மூல உயிரணுக்களில் ஒன்றே ஒன்றில், இரண்டு குரோமோசோம்கள் முறிந்து, முறிந்த துண்டுகள் இடம் மாறிச் சேர்ந்துகொள்கின்றன; அவ்வளவுதான் நடப்பது. அந்த ஒரு பிணைப்புப் பிழை, அந்த உயிரணுவிலிருந்து பெருகுகிற கோடானுகோடி உயிரணுக்களிலும் கூடவே வருகிறது. வைத்தியர்கள் இதை நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்றும், சுருக்கமாக சி.எம்.எல். என்றும் சொல்வார்கள். இது தொற்றுகிற நோய் அன்று. தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிற நோயும் அன்று. லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கோ இருவருக்கோ வருகிற அபூர்வமான நோய்தான். ஆனால் மேல்நாடுகளில் அறுபது வயதை ஒட்டி வருகிற இந்த நோய், நம் தேசத்தில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும், குடும்பத்தைத் தோளில் சுமந்து நிற்கிற வயதிலேயே அதிகம் காணப்படுகிறது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இது வருகிற விதமும் மெதுவானது. முதலில் அசதி, பிறகு எடை குறைவு, இரவில் வியர்வை, அப்புறம் வயிற்றின் இடப்பக்கத்தில் ஒரு பாரம். மண்ணீரல் வீங்கிக்கொண்டு வருவதுதான் அந்தப் பாரம். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, நாள் முழுவதும் படைமரத்தின் மேல் குனிந்து உட்கார்ந்திருக்கிற ஒருவர், அதைத் தறியில் உட்கார்ந்த வலி என்று எண்ணி மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்வது மிகவும் எளிது. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால், ஒரு மைக்ரோலிட்டரில் ஏறக்குறைய 11,000-க்குள் இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் லட்சத்தையும் தாண்டி நிற்கும். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணமங்கலம் வழியாக வேலூருக்குப் பஸ் ஏறுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கப்பால் என்ன நேர்ந்தது என்பதுதான், 2001-க்கு முன், பின் என்று இரண்டாகப் பிளந்து கிடக்கிற வரலாறு.

முற்பகுதியை விரைவாகச் சொல்லிவிடலாம். 1845-இல் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னெட்டும் பெர்லினில் ருடால்ஃப் விர்கோவும், ரத்தம் வெளுத்துப்போய் இறந்தவர்களைப் பற்றித் தனித்தனியே எழுதினார்கள். லுகேமியா என்ற பெயர் விர்கோ வைத்தது. அடுத்த நூறு ஆண்டுகளுக்குப் பாஷாண மருந்தும் மண்ணீரலின் மீது எக்ஸ் கதிரும், 1950-கள் முதல் புசல்ஃபான் முதலிய மாத்திரைகளும், பின்னர் இன்டர்ஃபெரான் ஊசியும் வந்தன. இவை வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைக் குறைத்தன. நோயின் வேரைத் தொடவில்லை. சில ஆண்டுகள் அடங்கியிருக்கும் நோய், ஒருநாள் கட்டுமீறிச் சில மாதங்களில் ஆளைக் கொண்டுபோய்விடும். வேரோடு தீர்க்க இருந்த ஒரே வழி, உடன்பிறந்தவரின் மஜ்ஜையைப் பெற்று மாற்றுவது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இலேயே முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடந்தது என்பது இந்த வட்டாரத்துக்குப் பெருமை தருகிற செய்திதான். ஆயினும் பொருத்தமான மஜ்ஜையுள்ள அண்ணனோ தங்கையோ அமைவதும், லட்சக்கணக்கில் பணம் அமைவதும், அந்தச் சிகிச்சையின் அபாயத்தைத் தாங்கும் உடல் அமைவதும் ஒரே மனிதருக்கு ஒருசேர வாய்ப்பது எத்தனை அரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிழை எங்கே இருக்கிறது என்பது முதலில் தெரிந்தது 1960-இல். அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரத்தில் பீட்டர் நோவெல் என்பவர், கண்ணாடிச் சில்லுகளில் ஒட்டியிருந்த லுகேமியா உயிரணுக்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவியபோது, உயிரணுக்கள் உப்பி, உள்ளே இருந்த குரோமோசோம்கள் பிரிந்து தெளிவாகத் தெரிந்தன. அவரும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் சேர்ந்து, இந்த நோயாளிகளின் உயிரணுக்களில் ஒரு குரோமோசோம் மட்டும் அளவுக்கு மீறிக் குட்டையாக இருப்பதைக் கண்டு வெளியிட்டார்கள். புற்றுநோய் ஒன்றுக்குக் குரோமோசோமில் ஒரு நிச்சயமான அடையாளம் உண்டு என்று உலகம் அறிந்தது அப்போதுதான். அது இருபத்திரண்டாவது குரோமோசோம். அதன் ஒரு துண்டு தொலைந்துபோனது என்றே எல்லாரும் எண்ணினார்கள். தொலையவில்லை, இடம் மாறியது என்று 1973-இல் காட்டியவர் சிகாகோவின் ஜேனட் ரோலி என்ற அம்மையார். குரோமோசோம்களின் புகைப்படங்களைக் கத்தரித்து, வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் மேல் பரப்பி, ஜோடி ஜோடியாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இருபத்திரண்டாவதில் குறைந்த துண்டு ஒன்பதாவதின் நுனியில் கூடியிருப்பது அவர் கண்ணில் பட்டது. எங்கள் ஊர்ப் பெண்கள் இழையைப் பார்க்கிற பார்வையையே அவர் அந்தப் படங்களின் மேல் செலுத்தினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்பதும் இருபத்திரண்டும் பிணைந்த இடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? அங்கே ஒன்பதாவது குரோமோசோமிலிருந்து வந்து சேர்ந்த ஏ.பி.எல். என்ற மரபணு இருக்கிறது. 1970-இல் ஹெர்பர்ட் ஏபெல்சன் எலிகளில் கண்ட ஒரு லுகேமியா வைரஸிலிருந்து அதற்கு இந்தப் பெயர் வந்தது. அந்த மரபணு உண்டாக்குகிற புரதம், கைனேஸ் என்னும் வர்க்கத்தைச் சேர்ந்தது. இந்தச் சொல் இனி அடிக்கடி வரப்போவதால் இதை நிதானமாக விளக்கிவிட்டு மேலே போகிறேன்.

நம் உயிரணுவுக்குள் இருக்கிற புரதங்கள் எந்நேரமும் வேலை செய்துகொண்டிருப்பவை அல்ல; வேலை வந்தபோது எழுந்து, முடிந்தபோது அடங்குகிறவை. எழு என்றும் அடங்கு என்றும் அவற்றுக்குக் கட்டளை தருவது ஒரு சிறு பாஸ்பேட் துணுக்கு. அந்தத் துணுக்கை எடுத்து ஒரு புரதத்தின் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டுவதே கைனேஸின் தொழில். ஒட்டியதைக் கழற்ற வேறு புரதங்கள் உண்டு. ஒட்டியவுடன் அந்தப் புரதத்தின் வடிவம் சற்றே மாறுகிறது. வடிவம் மாறியவுடன் குணமும் மாறுகிறது. எட்வின் கிரெப்ஸ், எட்மண்ட் ஃபிஷர் என்ற இருவர் 1950-களின் நடுவில், தசையில் சர்க்கரையைப் பிரிக்கிற ஒரு நொதியை ஆராய்ந்தபோது இந்தச் சூட்சுமத்தைக் கண்டார்கள். 1992-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனித உடலில் இத்தகைய கைனேஸ்களுக்குரிய மரபணுக்கள் ஐந்நூறுக்கும் மேல் உண்டு. உயிரணு பிளவுபடுவதும், வளர்வதும், நகர்வதும், பழுதுபட்டால் தானே மடிந்துபோவதும் இவற்றின் கையில்தான் இருக்கின்றன.

கைனேஸ் ஒட்டுகிற அந்தப் பாஸ்பேட் எங்கிருந்து வருகிறது? ஏ.டி.பி. என்ற பொருளிலிருந்து வருகிறது. இங்கே நான் சற்று நின்று, ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவரை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுதுவது நன்றிகெட்ட செயல் ஆகும்.

அக்காலத்துச் சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895-இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னையில் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கதர் உடுத்திக்கொண்டு அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனதற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, 1923-இல் பாஸ்டன் நகரத்துக்குப் போய், பகலில் ஹார்வர்டில் படிப்பும் இரவில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலையுமாகக் காலம் தள்ளினார். அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, ரத்தத்திலும் தசையிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளக்கும் ஒரு முறையை 1925-இல் வகுத்தார். அவ்விருவர் பெயராலும் அந்த முறை இன்றும் வழங்குகிறது. அந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டே 1929-இல், தசையில் ஏ.டி.பி. இருப்பதை ஃபிஸ்க்கும் அவரும் கண்டறிந்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே காலத்தில் தனியே கண்டறிந்தார். பின்னாளில் சுப்பாராவ் லெடர்லி கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோது, அவருடைய குழுவினர் ஆக்கிய அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொண்டுதான் பாஸ்டனின் சிட்னி ஃபார்பர், லுகேமியாவால் செத்துக்கொண்டிருந்த குழந்தைகளின் ரத்தத்தைச் சிறிது காலத்துக்காவது தெளிய வைத்தார். 1948-இல், தம் தேசத்துக்கு ஒருமுறைகூடத் திரும்பாமல், நியூயார்க்கில் சுப்பாராவ் காலமானார். உயிரணுவின் கட்டளைகளுக்கெல்லாம் மூலதனமாக இருக்கும் ஏ.டி.பி.யை இனங்கண்டவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதை, நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்?

ஏ.பி.எல்.லுக்குத் திரும்புவோம். ஆரோக்கியமான உயிரணுவில் இந்தக் கைனேஸ் அடக்கமான வேலைக்காரன். மரபணு இழையில் பழுது நேர்ந்தால் அதற்கேற்ற பதிலைத் தூண்டுவதிலும், உயிரணுவின் உள்சட்டத்தைத் திருத்தி அமைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. வேலை இல்லாத நேரத்தில் அது தன்னைத் தானே பூட்டிக்கொள்கிறது. அதன் தலைப்பகுதியில் கொழுப்பு அமிலத்தால் ஆன ஒரு சிறு வால் இருக்கிறது. அந்த வால் மடிந்து, அதே புரதத்தின் முதுகில் உள்ள ஒரு குழிக்குள் போய் அமர்ந்துகொண்டவுடன், புரதம் முழுவதும் இறுகிச் செயலற்று நிற்கிறது. ஒன்பதாவது குரோமோசோம் முறிகிறபோது முறிவது சரியாக இந்தத் தலைப்பகுதியில். பூட்டு இருந்த துண்டு போய்விடுகிறது. அதன் இடத்தில் இருபத்திரண்டாவது குரோமோசோமின் பி.சி.ஆர். என்ற மரபணுவின் துண்டு வந்து ஒட்டிக்கொள்கிறது. வந்த துண்டுக்கோ, தன்னைப்போன்ற மற்றவற்றோடு கூட்டம் சேர்ந்து பின்னிக்கொள்கிற சுபாவம் உண்டு. பூட்டு இழந்த கைனேஸ்கள் இப்படிக் கூட்டமாகச் சேர்ந்து, ஒன்றுக்கொன்று பாஸ்பேட்டை ஒட்டி, ஒன்றையொன்று எழுப்பிவிடுகின்றன. எழுந்தது பிறகு அடங்குவதில்லை. "பெருகு, மடியாதே" என்ற ஒரே கட்டளையை உயிரணுவுக்கு அது இரவும் பகலும் ஓதிக்கொண்டிருக்கிறது. இந்தக் கலப்பு மரபணு ஒன்றே நோயை உண்டாக்கப் போதும் என்பதை 1990-இல் ஜார்ஜ் டேலி, டேவிட் பால்டிமோர் முதலியவர்கள் எலிகளில் நிரூபித்துக் காட்டினார்கள். அநேக புற்றுநோய்களில் பல பிழைகள் கூடிச் சதிசெய்கின்றன. இதில் ஆரம்பக் குற்றவாளி ஒருவன்தான், அவன் முகவரியும் தெரிந்துவிட்டது என்பதே இந்த நோயின் தனித்தன்மை.

முகவரி தெரிந்தபின் பிடிப்பது எப்படி? கைனேஸுக்குள் ஏ.டி.பி. வந்து அமர்வதற்கென்று ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தில் வேறொரு பொருளை முன்கூட்டியே உட்கார்த்திவிட்டால், ஏ.டி.பி. உள்ளே வர இடமின்றிக் கைனேஸ் வெறுங்கையோடு நிற்கும். யுக்தி இவ்வளவுதான்; ஆனால் உடலில் உள்ள எல்லாக் கைனேஸ்களுக்கும் அந்தப் பள்ளம் உண்டு என்பதால், ஒன்றை அடைக்கப்போய் அனைத்தையும் அடைத்து ஆளையே கொன்றுவிடுவோம் என்று அக்காலத்து அறிஞர்களில் பலர் அஞ்சினார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில், சிபா-கைகி கம்பெனியின் கூடத்தில், அலெக்ஸ் மேட்டர், நிக்கலஸ் லைடன் ஆகியோரின் திட்டத்தில் வேலைசெய்த யூர்க் சிம்மர்மன் என்ற வேதியியலார், ஒரு மூலக்கூறை எடுத்து, இங்கே ஒரு மெத்தில், அங்கே ஓர் அமைடு என்று தொட்டுத் தொட்டுத் திருத்தி, வேண்டாத கைனேஸை விட்டு விலகி ஏ.பி.எல்.லை இறுகப் பற்றுகிற ஒரு பொருளாக அதை ஆக்கினார். அதுவே இமாடினிப். அது லுகேமியா உயிரணுக்களை மட்டும் தேர்ந்து கொல்வதைத் தம் சோதனைக்கூடத்தில் கண்டு, 1996-இல் வெளியிட்டவர் ஆரெகன் மாகாணத்து வைத்தியர் பிரையன் ட்ரூக்கர். இந்த நோய் சிலருக்கே வருவது, மருந்து விற்றுச் செலவைத் திரும்பப் பெற முடியாது என்று கம்பெனியில் தயங்கினார்கள், ட்ரூக்கர் விடவில்லை. 1998 ஜூனில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். இன்டர்ஃபெரானுக்குக் கட்டுப்படாதவர்களில் நாளொன்றுக்கு 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற 54 பேரில் 53 பேருடைய ரத்தக் கணக்கு இயல்புக்குத் திரும்பியது. மருத்துவ வரலாற்றில் இப்படிப்பட்ட கணக்கு அடிக்கடி எழுதப்படுவதில்லை. 2001 மே 10-ஆம் தேதி அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. பெரிய ஆய்வு ஒன்றில், இம்மருந்தோடு சிகிச்சையைத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 83 பேர் பத்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள்.

அந்த மூலக்கூறு கைனேஸுக்குள் எப்படிப் போய் அமர்கிறது என்பதைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரால் படம்பிடித்து, 2000-இல் உலகுக்குக் காட்டிய குழுவின் தலைவர் ஜான் குரியன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டப்படிப்பைத் தொடங்கிப் பின்னர் அமெரிக்காவுக்குச் சென்றவர் அவர். கைனேஸ் அடங்கிக் கிடக்கிற நிலையில் மட்டும் திறக்கிற ஓர் இடுக்கில் மருந்து போய் அமர்கிறது என்றும், விழித்திருக்கும்போது கைனேஸ்கள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் அடங்கிய நிலையில் ஒவ்வொன்றும் வெவ்வேறு தோரணையில் இருப்பதால்தான் இந்த மருந்து ஆள் தவறாமல் ஏ.பி.எல்.லை இனங்காண்கிறது என்றும் அந்தப் படங்கள் சொல்லின. இத்தகைய புரத வடிவம் எது வெளிவந்தாலும், அது சரிதானா என்று முதலில் உரைத்துப் பார்க்கிற உரைகல், 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட வரைபடம் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மருந்து பிறந்தது, ஆனால் அதன் கிரயம்? க்ளிவெக் என்ற பெயரில், சிபா-கைகியின் வாரிசான நோவார்ட்டிஸ் கம்பெனி விற்ற அந்த மருந்துக்கு, நம் தேசத்தில் ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். நேட்கோ முதலிய இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தைச் செய்து 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கொடுத்தன. வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டிய மருந்துக்கு இந்த இரண்டு தொகைகளுக்கும் இடையே உள்ள தூரம், பிழைப்பதற்கும் சாவதற்கும் இடையே உள்ள தூரமே ஆகும். இந்தியக் கம்பெனிகளால் அப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம் 1970-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம். மருந்தைச் செய்கிற முறைக்கு உரிமை உண்டு, மருந்துக்கே உரிமை இல்லை என்று அது வகுத்தது. அந்தச் சட்டத்துக்கு அடிப்படையாக அமைந்த 1959-ஆம் வருஷத்து அறிக்கையை எழுதியவர், சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து பிறகு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற என். ராஜகோபால ஐயங்கார். அயல்நாட்டுக் காப்புரிமைகளால் ஏழை தேசம் ஒன்றில் மருந்து எப்படி எட்டாக்கனி ஆகிறது என்பதைப் பொறுமையாக ஆராய்ந்த அறிக்கை அது.

உலக வர்த்தக ஒப்பந்தத்தின்படி 2005-இல் இந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. மருந்துக்கும் இனி உரிமை உண்டு என்றாயிற்று. ஆனால் திருத்தும்போது நம் பாராளுமன்றம் மூன்றாம் பிரிவின் ஓர் உட்பிரிவை விரிவாக்கியது: ஏற்கெனவே அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம், குணத்தில் முன்னதைவிட மேம்பட்டதாக இருந்தாலன்றிப் புதிய கண்டுபிடிப்பு ஆகாது. நோவார்ட்டிஸ் 1998 ஜூலையில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் கொடுத்திருந்த விண்ணப்பமோ, இமாடினிப் உப்பின் பீட்டா படிக வடிவத்துக்கு உரிமை கோரியது. அந்த விண்ணப்பம் நிலுவையில் இருந்த நாளிலேயே, 2003-இல், தற்காலிகமான தனி விற்பனை உரிமை ஒன்று கம்பெனிக்குக் கிடைத்தது; அதைக் கொண்டு சென்னை உயர்நீதிமன்றத்தில் தடை உத்தரவும் பெற்றதால், மலிவான மருந்து சில இடங்களில் நின்றது. மும்பையின் புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் இந்தியக் கம்பெனிகளும் விண்ணப்பத்தை எதிர்த்து ஆட்சேபம் தாக்கல் செய்தார்கள். 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது.

கம்பெனி, அந்த உட்பிரிவே அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2007 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் அந்த வாதத்தைத் தள்ளினார்கள். குணத்தின் மேம்பாடு என்றால் நோயைத் தீர்க்கும் திறனில் மேம்பாடு என்று அவர்கள் பொருள் சொன்னார்கள். காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரித்த வாரியம் 2009-இல் கம்பெனியின் முறையீட்டை ஏற்கவில்லை. இறுதியில் 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அஃப்தாப் ஆலமும் ரஞ்சனா பிரகாஷ் தேசாயும், படிக வடிவத்தால் மருந்து நூற்றுக்கு முப்பது பங்கு அதிகமாக ரத்தத்தில் சேர்கிறது என்பது உண்மையே ஆயினும், அதனால் நோய் அதிகமாகத் தீர்கிறது என்பதற்குப் பிரமாணம் காட்டப்படவில்லை என்று கூறி, வழக்கை முடித்துவைத்தார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய மற்றொன்றும் உண்டு. அந்தக் கம்பெனி தன் தரும திட்டத்தின் மூலம் இந்தியாவில் பதினாறாயிரம் பேர்வரை இந்த மருந்தை இலவசமாகப் பெற்றதாகக் கணக்குக் காட்டியது. அதனால் பிழைத்தவர்கள் அநேகர். இமாடினிப்பை ஆக்கியதற்காக பாசல் கூடத்து வேதியியலாருக்கு மனித குலம் கடமைப்பட்டிருக்கிறது என்பதிலும் எனக்கு ஐயம் இல்லை. ஆயினும் தருமமாகக் கிடைப்பது வேறு, விலைகொடுத்து வாங்க இயல்வது வேறு. கொடுப்பவர் மனம் மாறினால் தருமம் நின்றுபோகும். தன் கூலியில் வாங்கிய மாத்திரையை எவரும் நிறுத்த முடியாது. சென்னை அலுவலகமும் சென்னை நீதிமன்றமும் செய்தது சரி என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். ஆரணிப் பட்டு என்ற பெயரைப் பிறர் களவாடாமல் காக்கிற புவிசார் குறியீட்டுப் பதிவகமும் இன்று கிண்டியில் காப்புரிமை அலுவலகத்தோடு ஒரே வளாகத்தில் இருக்கிறது. ஒரு நெசவாளியின் கைத்திறனுக்கு உரிமை கொடுப்பதற்கும், அவனுடைய உயிருக்கு விலை வைக்கிற உரிமையை மறுப்பதற்கும் ஒரே சட்ட மனம் இடந்தர முடியும் என்பதை நான் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்கிறேன்.

2015-இல் உலக சுகாதார நிறுவனம் இமாடினிப்பை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. கைனேஸின் பள்ளம் சற்றே உருமாறி இந்த மருந்துக்கு இடங்கொடாமல் போகிற நோயாளிகளும் சிலர் உண்டு. அவர்களுக்காக வந்த இரண்டாம், மூன்றாம் தலைமுறை மருந்துகளைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன். அதற்கு முன், எங்கள் ஊராருக்கும், இதைப் படிக்கிற மற்ற ஊராருக்கும் ஒரு வேண்டுகோள். இடப்பக்க வயிற்றில் பாரமும், காரணம் தெரியாத அசதியும் வாரக்கணக்கில் நீடித்தால், தறியின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். ரத்த அணுக்களைக் கணக்கெடுக்கும் சோதனை எந்தச் சிற்றூர் ஆஸ்பத்திரியிலும் உண்டு. இந்த மருந்தை உட்கொண்டு வருகிறவர்கள், ரத்தக் கணக்கு சரியாகிவிட்டது, உடம்பும் தேறிவிட்டது என்று கண்டு தாமாகவே நிறுத்திவிடுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பிழை மஜ்ஜையின் மூலத்தில் இன்னமும் ஒளிந்திருக்கும், மருந்து நின்றால் அது எழும். சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் நிறுத்தவும் முடியும். ஆனால் அதை நுண்ணிய சோதனைகளைச் செய்து வைத்தியர்தான் சொல்ல வேண்டும். குழந்தைப் பேற்றை எதிர்நோக்கும் பெண்கள், அந்த எண்ணம் எழுந்தவுடனே, மருந்தைப் பற்றி அவரிடம் பேசிவிட வேண்டும். சேலை அறுக்கிற நாளானாலும், திருவிழா நாளானாலும், வெளியூர்ப் பயணமானாலும், அன்றைய மாத்திரையை அன்றே உட்கொள்ளுங்கள்.

(தொடரும்)